பத்து வேலைநாள்

கோபத்தை முதலில் எழுதிவிடு, சைராகான்.
அதற்கென்று தனியாக ஒரு தாள்.
மருத்துவமனைத் துணை இயக்குநர், அவர் மைத்துனன்,
மைத்துனனின் புதுக் கார்,
நம்மைத் தாண்டும்போது அவன் அடித்த ஹார்ன்
எல்லாம் எழுது.
பிறகு அந்தத் தாளை அடுப்பில் போடு.
இன்று மைனஸ் இருபத்தாறு, வீணாகாது.

இரண்டாம் தாளில் டெண்டர் எண்.
ஆயிரத்து இருநூறு படுக்கை விரிப்பு, வெள்ளை, பருத்தி.
நம் விலை நானூற்றுப் பத்து சோம்.
அவர்கள் விலை அறுநூற்று நாற்பது.
நம்மைத் தள்ளியதற்குச் சொன்ன காரணம்,
ஒரு சொல்லும் மாறாமல்:
"கிடங்கு இரண்டு கிலோமீட்டருக்குள் இல்லை."

நம் தையற்கூடம் இரண்டேகால்.
நீதான் அளந்தாய்,
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு,
பின்னால் நாய்கள்.
கால் கிலோமீட்டர்
பதினொரு தையல் இயந்திரங்களின் காலை வாரிவிட்டது.

இருநூற்றைம்பது மீட்டர் கூட நடந்தால்
விரிப்பு அழுக்காகிவிடுமா என்று கேட்கத் தோன்றும்.
கேட்காதே.
கேள்விக்குறி உள்ள வாக்கியங்களை
அங்கே யாரும் படிப்பதில்லை.

தவிர, நிபந்தனையைக் குறை சொல்வதென்றால்
ஒப்பந்தப்புள்ளிகளைத் திறக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம்.
திறந்த பிறகு அது கல்வெட்டு.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
இதைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.
பாவம், அவளுக்கும் சளி.

அப்புறம்தான் நீ அவர்கள் கிடங்கைப் பார்க்கப் போனாய்.
முகவரி சரி. பூட்டும் சரி.
வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி,
அதில் ஒரு காலடி இல்லை,
பூனையினுடையதுகூட.
படம் எடுத்தாய், விரல் மரத்துப்போய் மூன்று முறை.

பனிக்கு முத்திரை கிடையாது, சைராகான்.
ஏப்ரலில் சாட்சி நாரின் ஆற்றோடு ஓடிவிடும்.
படத்தை இணைப்பில் வை, வாதத்தில் வைக்காதே.

வாதம் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது.
வங்கி உத்தரவாதம்.
கடைசித் தேதி பன்னிரண்டு,
அவர்கள் தாளில் பதின்மூன்று.
மூன்று இரவு அவர்கள் கோப்பைப் புரட்டி
இந்த ஓர் எண்தான் அகப்பட்டது எனக்கு.
பெரும்புள்ளி ஆனாலும்
தேதி போட ஒரு குமாஸ்தா வேண்டும்.
குமாஸ்தாவுக்கு அன்று என்ன அவசரமோ.

"கிடங்கே பொய். அதை விட்டுவிட்டு
ஒரு பதின்மூன்றா?" என்று அழுதாய்.
ஆமாம். பதின்மூன்று.

இரண்டு பிரதி என்றவர்கள் போனதும் மூன்று கேட்டார்கள்.
நகலெடுக்கும் கடையில் கரண்ட் இல்லை.
தேநீர்க்கடை மேசையில்
மூன்றாவதை நான் கையால் எழுதினேன், நீ படித்துச் சொல்லச் சொல்ல.
நாலரைக்கு ஜன்னல் மூடுமுன்
பதிவு எண் முப்பத்தெட்டு.
அந்தச் சீட்டைக் கையுறைக்குள் செருகிக்கொண்டாய்.

மறுநாள் இரவு செவிலி ஐஜமால் போன் செய்தாள்.
முறையீடு வந்ததால்
கொள்முதலை நிறுத்திவைத்திருக்கிறார்களாம்.
பிரசவ வார்டில் நாற்பது கட்டில்,
கிழியாத விரிப்பு ஒன்பது.
எத்தனை நாள் ஆகும் என்றாள்.
பத்து வேலைநாள் என்றேன்.
"பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையும் பிறக்கிறார்களே."

இதை எந்தத் தாளில் எழுதுவது?
நான் யோசித்துக்கொண்டிருக்கையில்
நீ இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு
இருந்த வெள்ளைத் துணியை வெட்டத் தொடங்கியிருந்தாய்.

கணக்கு எழுதுகிறவள் நான்.
விற்பனை என்றால் ஒப்பந்தம் எங்கே என்பார்கள்.
அன்பளிப்பு என்றால் லஞ்சம் என்பார்கள்,
அதுவும் முறையீடு நிலுவையில் இருக்கும்போது.

பேரேட்டில் முப்பத்தொன்று என்று எழுதி
எதிரே இடம் விட்டிருக்கிறேன்.